எந்த நூற்றில் எத்தனை பேர்?

2020 அக்டோபர் முடிவில், "புதுச்சேரியில் கொரோனா வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள்?" என்று யாராவது கேட்டிருந்தால் மூன்று விடைகள் கிடைத்திருக்கும். சுகாதாரத் துறையின் அன்றாட அறிக்கைப்படி ஒன்றியப் பிரதேசம் முழுவதும் அதுவரை தொற்று உறுதியானவர்கள் சுமார் 35,000 பேர். இறந்தவர்கள் 600-க்குச் சற்றுக் குறைவு. வகுத்தால் நூற்றுக்கு 1.7 வரும். அதே மாதம் ஜிப்மர் மருத்துவமனையின் மருத்துவர்கள் வீடுகளுக்குச் சென்று ரத்த மாதிரி எடுத்து நடத்திய ஆய்வை வைத்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு 0.1-க்கும் கீழே இறங்கிவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்த்த செவிலியரைக் கேட்டிருந்தால் இரண்டையும்விடப் பல மடங்கு பெரிய எண்ணைச் சொல்லியிருப்பார்.

மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை, வகுத்தலிலும் பிழை இல்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு நூறு பேரை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் வரும் குழப்பங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. இறப்பு விகிதம் என்பது கிருமியின்மேல் எழுதி ஒட்டியிருக்கும் எண் அல்ல. அது ஒரு பின்னம். மேலே உள்ள எண்ணை ஒருவர் எண்ணியிருக்கிறார், கீழே உள்ள எண்ணை இன்னொருவர் எண்ணியிருக்கிறார். அவர்கள் யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள், எந்தத் தேதியில் எண்ணினார்கள் என்று தெரியாமல் அந்த விகிதத்துக்குப் பொருள் சொல்ல முடியாது.

பெரிய மார்க்கெட்டில் ஒரு கணக்கு

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே இருக்கும் பெரிய மார்க்கெட்டை எடுத்துக்கொள்வோம். அரசு ஆவணங்களில் அதற்குக் குபேர் அங்காடி என்று பெயர். காய்கறி, பூ, மீன், மளிகை, வாழையிலை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை. கணக்குப் பார்க்க வசதியான இடமும்கூட. நிரந்தரக் கடைகளுக்கு எண் உண்டு. தரையில் கூடை வைத்து விற்பவர்களிடம் அடிக்காசு வசூலிக்கிறார்கள். ஆகவே அங்கே பிழைப்பவர்கள் எத்தனை பேர் என்பதையாவது ஓரளவு எண்ணிவிடலாம். இனி வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. அங்கே நடந்த கணக்கு அல்ல.

மார்க்கெட்டில் 1,000 பேர் வேலை செய்கிறார்கள். ஒரு புதுக் காய்ச்சல் வந்து இரண்டு மாதத்தில் 300 பேரைத் தொற்றுகிறது. அவர்களில் 140 பேருக்கு ஏதும் தெரியவில்லை. 100 பேருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் இருந்தன. மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளோ மூன்றாம் நாளோ கடைக்கு வந்துவிட்டார்கள். பரிசோதனைக்குப் போய் பாசிட்டிவ் என்று வந்தால் பதினான்கு நாள் கடை போட முடியாது. தினப் பிழைப்பில் இருப்பவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. மீதி 60 பேர் பரிசோதித்து, பட்டியலில் ஏறினார்கள். அந்த 60 பேரில் 15 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 3 பேர் இறந்தார்கள்.

இப்போது இறப்பு விகிதம் என்ன? மருத்துவமனையில் சேர்ந்த 15 பேரில் 3 பேர் என்றால் 20 சதவீதம். பட்டியலில் ஏறிய 60 பேரில் 3 பேர் என்றால் 5 சதவீதம். தொற்றிய 300 பேரில் 3 பேர் என்றால் 1 சதவீதம். மார்க்கெட்டின் 1,000 பேரில் 3 பேர் என்றால் 0.3 சதவீதம். நோய் ஒன்றுதான், இடமும் ஒன்றுதான், இறந்த மூவரும் அதே மூவர்தான். ஆனால் 20-இலிருந்து 0.3 வரை நான்கு விகிதங்கள் கிடைக்கின்றன.

இரண்டாவதைப் பதிவானோர் இறப்பு விகிதம் என்றும், மூன்றாவதைத் தொற்றியோர் இறப்பு விகிதம் என்றும் இந்தக் கட்டுரையில் அழைப்போம். செய்தித்தாளில் அன்றாடம் வருவது பதிவானோர் விகிதம். நமக்குத் தெரிய வேண்டியது பெரும்பாலும் தொற்றியோர் விகிதம். நாலாவது, மக்கள்தொகை விகிதம், ஊருக்கு நேர்ந்த மொத்த இழப்பைச் சொல்வது.

ஒரு வகையின் எண்ணை எடுத்து இன்னொரு வகையோடு ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவோம். 2020 மார்ச் 3 அன்று உலக சுகாதார அமைப்பின் தலைமை இயக்குநர் டெட்ரோஸ், பதிவான கோவிட் நோயாளிகளில் உலக அளவில் சுமார் 3.4 சதவீதம் பேர் இறந்திருப்பதாகச் சொன்னார். பருவகால ஃபுளூவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எண் 0.1 சதவீதம். உடனே "ஃபுளூவைவிட 34 மடங்கு" என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த 0.1, பரிசோதனைக்கே போகாத ஃபுளூ நோயாளிகளையும் மதிப்பிட்டுச் சேர்த்துப் போட்ட கணக்கு. கோவிட்டுக்கான 3.4-இல் பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டுமே இருந்தார்கள். கோவிட் ஃபுளூவைவிடக் கொடியது என்பது பிறகு உறுதியானது. ஆனால் 34 மடங்கு என்ற ஒப்பீட்டுக்கு அன்றைக்கும் ஆதாரம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

கீழே உள்ள எண்: எண்ணப்படாதவர்கள்

தொற்றியவர்கள் எத்தனை பேர் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நோய் வந்து போன பிறகு ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கும். ஊரில் ஒரு சாராரை மட்டும் பொறுக்காமல், குலுக்கல் முறையில் இடங்களையும் வீடுகளையும் தேர்ந்தெடுத்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், எத்தனை பேரை நோய் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று மதிப்பிடலாம். இதைத்தான் சீரோ சர்வே என்கிறார்கள்.

ஜிப்மர் குழு 2020 ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று மாதத்துக்கு ஒன்றாக மூன்று முறை புதுச்சேரி மாவட்டத்தில் இந்த ஆய்வை நடத்தியது. ஆகஸ்ட்டில் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் 4.9 சதவீதம். செப்டம்பரில் அது 20.7 ஆனது. அக்டோபரில் 34.5. இரண்டே மாதத்தில் இருபதில் ஒருவர் என்ற நிலை மூன்றில் ஒருவர் என்ற நிலைக்கு வந்துவிட்டது. பரிசோதனையில் உறுதியானவர்களைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். தமிழ்நாட்டில் அக்டோபர், நவம்பரில் 26,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்விலும் ஏறத்தாழ இதே நிலைதான். 31 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பொருள் இருந்தது. பதிவான எண்ணிக்கையைவிட உண்மைத் தொற்று சுமார் 36 மடங்கு இருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

கீழே உள்ள எண் 20 மடங்கு பெருகினால் விகிதம் 20-இல் ஒரு பங்காகச் சுருங்கும். புதுச்சேரியின் 1.7-ஐ 20-ஆல் வகுத்தால் 0.085. தொடக்கத்தில் சொன்ன, 0.1-க்கும் கீழான எண் இப்படித்தான் வருகிறது.

இந்த இடத்தில் பலர் பெருமூச்சு விட்டுக் கணக்கை மூடிவிடுவார்கள். மேலே உள்ள எண்ணை இன்னும் யாரும் சோதிக்கவில்லை என்பதை மறந்துவிடுவார்கள்.

மேலே உள்ள எண்: யாருடைய சாவு?

இறப்பை எண்ணுவது எளிது என்று தோன்றும். தொற்று கண்ணுக்குத் தெரியாது, சாவு தெரியும் அல்லவா? ஆனால் அது கொரோனா சாவா என்று முடிவு செய்ய ஒரு பரிசோதனை முடிவு வேண்டும், அதை எழுதும் மருத்துவர் வேண்டும், அந்தத் தாள் சரியான அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த மூன்றில் எது தவறினாலும் பட்டியலில் ஒரு பெயர் குறையும்.

சென்னையில் இது வெளிப்படையாகவே நடந்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளுக்கும் மாநில அரசின் அறிக்கைக்கும் இடையே வேறுபாடு இருப்பது தெரிந்ததும், அரசு ஒரு குழுவை அமைத்துப் பழைய பதிவுகளை ஒத்துப்பார்க்கச் சொன்னது. 2020 ஜூலை 22 அன்று, விடுபட்டுப்போன 444 இறப்புகள் ஒரே நாளில் கணக்கில் சேர்க்கப்பட்டன. மாநிலத்தின் மொத்த இறப்பு 3,144 ஆனது. அன்று நோய் கொடியதாக மாறவில்லை. முன்னமே இறந்தவர்களுக்குக் கணக்கில் இடம் கிடைத்தது.

யார் கணக்கில் சேர்ப்பது என்ற சிக்கலைப் புதுச்சேரி அதற்கு முன்பே சந்தித்திருந்தது. மாகே, புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு பகுதி. ஆனால் கேரளத்தின் நடுவே, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களை ஒட்டி இருக்கிறது. 2020 ஏப்ரல் 11 அன்று மாகேயைச் சேர்ந்த முதியவர் ஒருவர் கண்ணூர் மாவட்டத்தின் பரியாரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கோவிட் தொற்றோடு இறந்தார். அவர் புதுச்சேரிக்காரர் என்பதால் தன் கணக்கில் வராது என்றது கேரளம். இறந்தது கேரளத்தில்தானே என்ற கேள்வி புதுச்சேரித் தரப்பில் எழுந்தது. விகிதத்தைப் பொறுத்தவரை இது வெறும் அலுவலகச் சண்டை அல்ல. அப்போது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முழுவதும் பதிவாகியிருந்த தொற்று பத்தைத் தாண்டவில்லை. அந்த ஒரு சாவைச் சேர்த்தால் விகிதம் குறைந்தது 10 சதவீதம், சேர்க்காவிட்டால் பூச்சியம். கேரளத்தில் அன்று பதிவு சுமார் 370, இறப்பு 2. அங்கே சேர்த்தால் 0.5 சதவீதம் 0.8 ஆகும். எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது ஒரே ஒரு சாவு விகிதத்தைத் தலைகீழாகப் புரட்டிவிடும்.

மாகேக்குத் தெற்கே கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்தபோதும் இதைக் கண்டோம். 2018-இல் அங்கே நோய் கண்டவர்களாகக் கணக்கிடப்பட்ட 23 பேரில் 21 பேர் இறந்தார்கள். அது 91 சதவீதம். 2023-இல் 6 பேரில் 2 பேர். அது 33 சதவீதம். வைரஸ் ஐந்தாண்டில் சாதுவாகிவிட்டது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. இரண்டாவது முறை நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்களை முன்கூட்டியே தேடிப் பரிசோதித்தார்கள். இலேசான நோயும் கண்ணில் பட்டது. அதோடு, ஆறு பேரை வைத்துக்கொண்டு சதவீதம் பேசுவதே ஆபத்து. இன்னும் ஒருவர் இறந்திருந்தால் 33 என்பது 50 ஆகியிருக்கும்.

மருத்துவமனைக்கு வராமலே வீட்டில் இறந்தவர்கள் வேறு இருக்கிறார்கள். இந்தியாவில் 2020-இல் பதிவான மொத்த இறப்புகளில் காரணத்தை மருத்துவர் சான்றளித்தவை 22.5 சதவீதமே. மீதி இறப்புகள் ஏன் நேர்ந்தன என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. இதனால்தான் ஆய்வாளர்கள் கூடுதல் இறப்பு என்ற கணக்குக்குப் போகிறார்கள். காரணத்தை விட்டுவிட்டு, வழக்கமான ஆண்டில் இறப்பவர்களைவிட இந்த ஆண்டில் எத்தனை பேர் அதிகம் இறந்தார்கள் என்று பார்ப்பார்கள். 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து இந்தியாவில் கூடுதல் இறப்பு சுமார் 47 லட்சம் என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. அரசு பதிவுசெய்திருந்த கோவிட் இறப்புகள் சுமார் 4.8 லட்சம். கணக்கிட்ட முறையை ஏற்க முடியாது என்று இந்திய அரசு மறுத்தது. 47 லட்சம் சரியா என்று விவாதிக்கலாம். பட்டியலுக்கு வெளியேயும் சாவுகள் இருந்தன என்பதில் ஐயமில்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகு, புதுச்சேரியின் 0.085-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கீழே உள்ள எண்ணை மட்டும் திருத்தி, மேலே உள்ளதைத் திருத்தாமல் விட்டதால் வந்த விகிதம் அது. நேர்மையாகப் பார்ப்பவர் இரண்டையும் திருத்துவார், அல்லது இரண்டையும் சந்தேகிப்பார்.

இன்றைய சாவு, என்றைய தொற்று?

மூன்றாவது சிக்கல், காலம். தொற்றியவர் அன்றே இறப்பதில்லை. கோவிட்டில் அறிகுறி தோன்றிச் சாவு வரைக்கும் பொதுவாக இரண்டு மூன்று வாரம் ஆனது. அதனால் இன்றைய இறப்பை இன்றைய பதிவு எண்ணிக்கையால் வகுப்பது, வேறு வேறு தேதிகளைச் சேர்ந்த இரண்டு எண்களை ஒன்றின்மேல் ஒன்றாக எழுதுவதாகும்.

நோய் வேகமாகப் பரவும்போது இந்தப் பிழை பெரிதாகும். வாரந்தோறும் புதிய நோயாளிகள் 100, 200, 400, 800 என்று இரட்டிக்கிறார்கள் என்று கொள்வோம். பதிவானவர்களில் 2 சதவீதம் பேர், சரியாக இரண்டு வாரம் கழித்து, இறக்கிறார்கள். நாலாவது வார முடிவில் மொத்த நோயாளிகள் 1,500. ஆனால் சாவை எட்டக்கூடிய அளவு நாள் கடந்தவர்கள் முதல் இரண்டு வாரத்தின் 300 பேர்தான். அவர்களில் 6 பேர் இறந்திருப்பார்கள். 6-ஐ 1,500-ஆல் வகுத்தால் 0.4 சதவீதம். உண்மையில் 2 சதவீதம். ஐந்தில் ஒரு பங்குதான் தெரிகிறது.

தமிழ்நாட்டில் 2020 மே மாத முடிவில் பதிவான தொற்று 22,000-க்குச் சற்று மேல், இறப்பு 173. விகிதம் 0.8 சதவீதத்துக்கும் குறைவு. நாட்டிலேயே மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்று என்று அப்போது அது பெருமையாகப் பேசப்பட்டது. ஜூலை 22 அன்று, விடுபட்டவர்களைச் சேர்த்த பிறகு, அது 1.7 ஆகிவிட்டது. அந்த 444 பேரைச் சேர்க்காமல் பார்த்தாலும் 1.4-க்கு மேல். மே மாதத்தில் சென்னையின் கோயம்பேடு சந்தை வழியாகப் பரவிய தொற்றின் இறப்புகள் அப்போது முழுதாக வந்து சேரவில்லை. நோயாளிகள் பட்டியலில் இருந்தார்கள், அவர்களில் யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்பது முடிவாகவில்லை.

2003-இல் சார்ஸ் நோயிலும் இதே அனுபவம்தான். தொடக்க வாரங்களில் விகிதம் 4 சதவீதத்தை ஒட்டி இருந்தது. மே மாதம் உலக சுகாதார அமைப்பு, தாமதத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, 14 முதல் 15 சதவீதம் என்று திருத்தியது. கொள்ளைநோய் ஓய்ந்து கணக்கை முடித்தபோது 8,096 பேரில் 774 பேர் இறந்திருந்தார்கள். சுமார் 9.6 சதவீதம். 2009-இல் மெக்சிகோவில் பன்றிக்காய்ச்சல் தொடங்கியபோது நேர்மாறாக நடந்தது. முதலில் கண்ணில் பட்டவர்கள் மருத்துவமனைக்கு வந்த கடுமையான நோயாளிகள் மட்டுமே. விகிதம் பயங்கரமாகத் தெரிந்தது. இலேசான நோயாளிகளையும் எண்ணத் தொடங்கியதும் பெரிதும் இறங்கியது. ஆக, தொடக்க கால விகிதம் எப்போதும் மிகையாக இருக்கும் என்றோ, எப்போதும் குறைவாக இருக்கும் என்றோ விதி கிடையாது. எண்ணப்படாத இலேசான நோயாளிகள் விகிதத்தை மேலே தள்ளுகிறார்கள், இன்னும் வராத சாவுகள் அதைக் கீழே இழுக்கின்றன. எது வலுவானது என்பது ஊருக்கு ஊர் மாறும்.

வயதைக் கேட்காமல் ஒப்பிடாதீர்கள்

பெரிய மார்க்கெட்டின் ஒரு வரிசையில் அறுபதைத் தாண்டிய அம்மாக்களே உட்கார்ந்து கீரை விற்கிறார்கள், இன்னொரு பக்கம் மூட்டை இறக்குபவர்கள் எல்லாரும் இருபது, முப்பது வயதுக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் ஒரே வைரஸ் புகுந்தாலும் இறப்பு விகிதம் ஒன்றாக இருக்காது. சீனாவில் 2020 பிப்ரவரியில் வெளியான கணக்கில், 80 வயதைத் தாண்டிய நோயாளிகளில் 14.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். எல்லா வயதையும் சேர்த்த மொத்த விகிதம் 2.3.

அடுத்த மாதம் இத்தாலியில் மொத்த விகிதம் 4.3 ஆக இருந்தது. இத்தாலிய மருத்துவமனைகள் மோசம் என்றும், அங்கே போன வைரஸ் கொடியது என்றும் பேச்சு எழுந்தது. வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு வியப்பு காத்திருந்தது. அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் இத்தாலியின் விகிதம் சீனாவைவிடக் குறைவாகவே இருந்தது. மொத்தம் மட்டும் அதிகம். காரணம், இத்தாலியில் பதிவான நோயாளிகளில் முதியவர்களின் பங்கு மிக அதிகம். பிரித்துப் பார்க்கும்போது ஒரு திசையும் சேர்த்துப் பார்க்கும்போது எதிர்த்திசையும் காட்டும் இந்த விசித்திரத்தைப் புள்ளியியலில் சிம்சன் முரண் என்பார்கள்.

வயதைக் கேட்க வேண்டும் என்பதற்கு டயமண்ட் பிரின்சஸ் கப்பலும் சான்று. ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட அந்தக் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். 712 பேருக்குத் தொற்று உறுதியானது. கப்பலில் இருந்த எல்லாரையும் பரிசோதித்ததால் கீழே உள்ள எண் அங்கே ஓரளவு முழுமை. இறப்பு 2 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆனால் சொகுசுக் கப்பலில் பயணம் போனவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற முதியவர்கள். அந்த 2 சதவீதத்தை இளைஞர்கள் நிறைந்த ஒரு நாட்டுக்கு அப்படியே பொருத்தினால் விகிதம் மிகையாகிவிடும்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு வாதம், இணைநோய் பற்றியது. தமிழ்நாட்டின் அன்றாட அறிக்கையில் இறந்தவர்களை இணைநோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். உடனே, "சர்க்கரைதான் கொன்றது, கொரோனா இல்லை" என்ற பேச்சு வந்தது. இருபது ஆண்டாகச் சர்க்கரையோடு கடை நடத்தியவர், தொற்று வந்த மூன்றாவது வாரம் இறந்தால், அவரைக் கொன்றது எது? தொற்று வராமல் இருந்திருந்தால் அந்த வாரம் அவர் கடையில் இருந்திருப்பார் என்றால் அது தொற்றுச் சாவுதான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இத்தனை பேருக்கு இருக்கும் ஊரில் இணைநோய் என்ற சொல் ஆறுதலுக்கு உரியதல்ல.

சின்ன விகிதம், பெரிய இழப்பு

இனி அந்த 0.085-க்கு ஒரு சோதனை வைக்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகை சுமார் 12.48 லட்சம். பிறகு பெருகியதையும் சேர்த்துத் தாராளமாக 15 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் நோய் தொற்றி, 0.085 சதவீதம் பேர் இறந்தால், மொத்த இறப்பு 1,275. ஆனால் 2022 மார்ச் வாக்கில் அரசுப் பட்டியலில் இருந்த இறப்புகளே 1,960-ஐ ஒட்டி இருந்தன. பதிவான தொற்று சுமார் 1.66 லட்சம். பட்டியலில் ஏறாதவர்களைச் சேர்க்காமலே, அந்தக் குறைந்த விகிதத்தின் உச்சவரம்பை உண்மை தாண்டிவிட்டது.

இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு. 2021-இல் வந்த டெல்டா முந்தையதைவிடக் கடுமையான வகை. ஒருமுறை வந்தவர்களுக்கே மறுபடியும் வந்தது. 2020-இன் இறப்புகளில் சில எண்ணப்படாமல் போயிருக்கலாம். எதன் பங்கு எவ்வளவு என்பது வேறு விவாதம். நமக்கு வேண்டிய பாடம் ஒன்றுதான்: முதல் அலையில் ஒரு மாதத்தில் எடுத்த விகிதத்தை நோயின் நிரந்தரக் குணமாக எடுத்துக்கொண்டு எதிர்காலத்தைத் திட்டமிட்டிருந்தால் ஏமாந்திருப்போம். அதே சமயம், 2022-இல் பதிவானோர் விகிதம் 1.2 சதவீதத்துக்கு இறங்கியிருந்ததைப் பார்த்து முதல் அலையே கொடியது, இரண்டாம் அலை சாதாரணம் என்று முடிவுகட்டுவதும் அதே தவறு. பரிசோதனை கூடினால் விகிதம் இறங்கும். தடுப்பூசி போட்டாலும் இறங்கும். இலேசான வகை பரவினாலும் இறங்கும். இறங்கியது என்பது மட்டும் எதனால் என்பதைச் சொல்லாது.

விகிதம் சிறியது என்பதால் நோய் சிறியது என்று ஆகாது. நிபா, தொற்றியவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது. ஆனால் 2018-இல் அது கொன்றவர்கள் இருபது சொச்சம் பேர். கோவிட், தொற்றியவர்களில் மிகச் சிலரையே கொன்றது. ஆனால் புதுச்சேரியில் அரசுக் கணக்கின்படியே, 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால், 640 பேருக்கு ஒருவர் வீதம் இரண்டு ஆண்டில் போய்விட்டார்கள். மொத்த இழப்பு என்பது கொல்லும் தன்மையும் பரவும் தன்மையும் பெருக்கி வருவது. இரண்டாவதை அடக்கினால் முதலாவது எதுவாக இருந்தாலும் இழப்பு குறையும்.

2020 ஊரடங்கின்போது பெரிய மார்க்கெட்டின் காய்கறிக் கடைகளைப் புதிய பேருந்து நிலையத்துக்கு மாற்றியதன் தர்க்கம் இதுதான். சென்னையில் கோயம்பேடு சந்தை மே 5 அன்று மூடப்பட்டு, வியாபாரம் திருமழிசைக்குப் போகும் முன்பே அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களுக்குத் தொற்று போய்விட்டது. நெருக்கமான சந்தையில் இறப்பு விகிதம் 1 சதவீதமா 0.1 சதவீதமா என்று தெரியும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. கூட்டத்தைக் கலைத்தால் இரண்டிலும் பலன் உண்டு. விகிதம் நிச்சயமாகத் தெரியாத நிலையிலும் சரியான முடிவு எடுக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. இத்தகைய இடமாற்றத்தால் வியாபாரிகளுக்கு ஏற்பட்ட நட்டத்தை யார் ஏற்பது என்பது இந்தக் கணக்கு சொல்லாத, ஆனால் அரசு சொல்லியாக வேண்டிய விடை.

அடுத்த நோய் வரும். "இறப்பு விகிதம் இத்தனை சதவீதம்" என்று கைப்பேசியில் ஒரு செய்தியும் வரும். அதை அடுத்தவருக்கு அனுப்பும் முன் நாலு கேள்வி கேளுங்கள். யாரில் இத்தனை பேர், மருத்துவமனையில் சேர்ந்தவர்களிலா, பரிசோதித்தவர்களிலா, தொற்றியவர்களிலா? வீட்டில் இறந்தவர்கள் சேர்ந்திருக்கிறார்களா? நோய் ஏறுமுகத்தில் இருக்கும்போது எடுத்த கணக்கா, ஓய்ந்த பிறகு எடுத்ததா? எந்த வயதுக்காரர்கள்? இந்த நாலுக்கும் விடை இல்லாத சதவீதத்தைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், அசட்டையாக இருக்கவும் வேண்டாம்.

கணக்கின் கீழே உள்ள எண்ணை ஜிப்மர் போன்ற நிறுவனங்கள் திருத்தித் தர முடியும். மேலே உள்ள எண் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் இறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். கடைசியாக மருத்துவம் பார்த்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாள் சொத்து மாற்றத்துக்கும் காப்பீட்டுக்கும் மட்டும் அல்ல, ஊரின் கணக்கு சரியாக இருப்பதற்கும் வேண்டும்.